வேலுத்தாய் வண்டி வாங்கிய வருஷம்

மலையடிவாரத்தில் மழை கொட்டித் தீர்த்த ஒரு ஐப்பசியில், மஞ்சநாய்க்கன்பட்டியிலிருந்து மொட்டப்பாறைக்கு ஏறிப்போகும் ரோடு பாதியில் கரைந்து ஓடைக்குள் போய்விட்டதால், காலையும் மாலையும் அங்கே போய்வந்துகொண்டிருந்த பஸ் தடுப்பணையோடு திரும்பிவிடத் தொடங்கியது. ஜனங்கள் கொஞ்ச நாள் முனகினார்கள், அப்புறம் நடந்து பழகிவிட்டார்கள், ஆனால் மாட்டாஸ்பத்திரி வேலுத்தாயால் அப்படிப் பழகிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் ஒரு தோளில் மருந்துப் பையும் மறு கையில் சினை ஊசிக்கான கேனுமாக அந்த ஏற்றத்தை அவள் ஏறி முடிப்பதற்குள் மாட்டுக்குப் பருவமே போய்விடும்.

வேலுத்தாய் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் ஜெயபாண்டி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து கறியெடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவான். பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசித் தீர்த்து ஓய்ந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பது அவள் வழக்கம். மறுத்துப் பேசினால் பேச்சு நீளும், அந்த நேரத்தில் இன்னொரு மாட்டைப் பார்த்துவிடலாம் என்பதுதான் காரணமே தவிர, பயமோ பணிவோ ஒன்றும் கிடையாது.

பள்ளிக்கூட நாளில் ஓட்டிய சைக்கிளைத் தவிர அவள் வேறு எதையும் ஓட்டியதில்லை. ஸ்கூட்டர் வாங்கலாமென்றால் அதன் சின்னச் சக்கரம் அந்தச் சரளைக்குள் இறங்கினால் ஏறாது. மோட்டார் சைக்கிள்தான் வாங்கவேண்டும் என்று முடிவாயிற்று. எந்த மோட்டார் சைக்கிள் என்பதுதான் தெரியவில்லை. ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள்.

"புல்லட் எடுத்துரு," என்றான் அவன். "மலைக்கு அதுதான் லாயக்கு. கனமான வண்டின்னா ரோட்டப் புடிச்சு நிக்கும்."

"கனமா இருந்தா என்னால தள்ள முடியுமாங்க?"

"தள்றதுக்கா வண்டி வாங்குறோம்? ஓட்டத்தானே."

"சரிங்க," என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது அவளுடைய கால்கள் கணுக்கால் வரைக்கும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எழுந்து அடுப்படிக்குப் போகையில் நிலைப்படி நெற்றியில் இடித்தது. சேலை கட்டினால் கொசுவம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. சாயம் போகிற சேலையைப் போல நீளம் போகிற சேலையும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு வேறொன்றை எடுத்துக் கட்டினாள், அதுவும் அப்படியே நிற்க, பாலைக் காய்ச்சி ஆற்றிக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்த செல்லக்கிளிதான் முதலில் பார்த்தாள். "என்னக்கா, சேலை ஏறிப்போச்சு?"

"சேலை இல்ல செல்லக்கிளி. நான்தான் ஏறிட்டேன்போல இருக்கு."

செல்லக்கிளி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "ஆமா," என்றாள். "கீழே ஒரு துண்டு ஒட்டுப் போட்டுத் தாரேன். வேற கலர்தான் கிடக்கு, பரவாயில்லையா?"

"சரி," என்றாள் வேலுத்தாய்.

பஸ்ஸில் கண்டக்டர், மேல்கம்பி இடிக்கும் மேடம், உக்காந்துக்கங்க என்று ஒரு ஆளை எழுப்பி இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் மாட்டின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு அதிசயத்தைப் பார்த்து வியப்பதைவிட அதை எங்கே உட்கார வைப்பது என்று யோசிப்பதுதான் முதல் வேலையாக இருந்தது.

சாயந்தரம் டவுனுக்குப் போய் வண்டிக் கடையில் அந்தப் பெரிய வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிந்தன. கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட ரபீக், அவள் வண்டிக்கென்றே பிறந்தவள் மாதிரி இருப்பதாகச் சொன்னான், பிறகு அவனுக்கு என்ன தோன்றியதோ, "மேடம், ஒரு உண்மையச் சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லுங்க."

"எங்க அக்கா கேட்டா இத நான் குடுக்கமாட்டேன். முதல் வண்டி லேசா இருக்கணும், சீட் தாழ்வா இருக்கணும். நூறு சிசி போதும். அதுல விழுந்து எந்திரிச்சுப் பழகிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு இதுக்கு வாங்க."

அது நியாயமாகப் பட்டது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள், மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது செல்லக்கிளி போட்ட ஒட்டுத்துணி தரையில் புரண்டது, பூக்கடை வந்தபோது கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது, பஸ்ஸின் முதல் படியில் ஏற அவளுக்குக் கண்டக்டர் கை கொடுத்தார். காலையில் வந்தவரும் அவரேதான். "இப்ப நின்னுக்கலாம் மேடம்," என்றார்.

இது இப்படித்தான் என்பது ஊருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. யாராவது அவளிடம் ஒரு வண்டியைச் சொல்லி, அவளும் மனசார அதற்குச் சரி என்று சொல்லிவிட்டால், அந்த வண்டிக்குத் தோதான உடம்பு அவளுக்கு வந்துவிடுகிறது. மைலேஜ்தான் முக்கியம் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னால் அவள் மெலிந்து சிறுத்தாள். பின்சீட்டில் சாமான் கட்டத் தோதாக இருக்கவேண்டும் என்று உரக்கடைக்காரர் சொன்னால் இடுப்பு அகன்றது. காலேஜ் போகும் பையன்கள், முன்னால் குனிந்து ஓட்டுகிற வண்டிதான் அக்கா ஸ்டைலு என்று சொன்னதற்கு அவள் சிரித்துக்கொண்டே சரிடா என்று சொல்லிவைத்து, நிமிர முடியாத முதுகோடு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க கிடேரிகளுக்குத் தடுப்பூசி போட்டாள். குனிந்து செய்கிற வேலையாதலால் அது ஒன்றும் அவ்வளவு இடைஞ்சலாக இல்லை.

செல்லக்கிளி அவளுடைய சேலைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விளிம்பில் மடிப்பு மடிப்பாக மடித்து நாடா கோத்த சுடிதார் ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். நாடாவை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வளர்கிற பிள்ளைகளுக்கும் அதே மாதிரி யூனிபார்ம் வேண்டுமென்று பெண்கள் செல்லக்கிளியிடம் வர ஆரம்பித்தார்கள், அவள் இன்னொரு மிஷின் வாங்கினாள். ஆஸ்பத்திரி உதவியாள் அவளுடைய நாற்காலிக்கு அடியில் வைக்கச் செங்கல் கொண்டுவந்து போட்டார். ஊர் தன்னால் முடிந்ததைச் செய்தது. தனக்கு வேண்டியதையும் செய்துகொண்டது. தெருவிளக்கு எரியாதபோது பஞ்சாயத்துத் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, காட்டுவழி போகிற உயரமான வண்டிகளைப் பற்றி மெதுவாகப் பேச்சை எடுப்பார்; அவள் சரி என்றதும், அப்படியே அந்த பல்பையும் மாட்டிவிட்டுப் போயிடுங்கம்மா என்பார். ஒரு ஆட்டுக்குட்டி உறை இடிந்த பழைய கிணற்றுக் குழிக்குள் விழுந்தபோது குட்டிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, மொபெட் மாதிரி அடக்கமான வண்டி உலகத்திலேயே கிடையாது என்று சொன்னார், சொல்லும்போது அவர் கையில் கயிறும் இருந்தது. அவள் சரி என்றாள். குழிக்குள் இறங்கிக் குட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் வண்டி மட்டும் வாங்கினபாடில்லை.

பால் சொசைட்டிக்குப் பின்னால் இருந்த நெல்லடிக்கிற களத்தில் யார் யாரோ கொடுத்த வண்டிகளில் அவள் ஓட்டிப் பழகினாள். பழகினாள் என்பது பேச்சுக்குத்தான். நேற்றுப் பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்த கியர் இன்றைக்குக் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது. நேற்று இரண்டு விரலுக்குள் வந்த கிளட்ச்சை இன்றைக்கு முழுக்கையால் எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. நீளக்கால் கற்றுக்கொண்டதைக் குட்டைக்கால் மறந்துவிட்டது, குட்டைக்கால் பட்ட காயம் நீளக்காலில் வேறொரு இடத்தில் வலித்தது. மொட்டப்பாறையிலிருந்தும் அதற்கு மேலே இருந்த மாட்டுக்கொட்டங்களிலிருந்தும் பால் கேன்களை வண்டியில் கட்டி இறக்கும் சோலைராஜ் களத்துவரப்பில் நின்று பீடி குடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"உங்க வண்டியில ஒரு சுத்து சுத்திப் பாக்கட்டுமாண்ணே?" என்று அவனிடம் ஒருநாள் கேட்டாள்.

"இது உங்களுக்கு ஆகாதும்மா," என்றான் சோலைராஜ். "கிளட்ச் எனக்கே மல்லுக்கட்டும். சீட்டு ஒருபக்கமா அமுங்கிக் கிடக்கு. வண்டின்னு பேருதான்."

"சரிண்ணே," என்றாள். ஆகாத வண்டிக்குத் தோதான உடம்பு எது என்று எவருக்கும் தெரியாததாலோ என்னவோ அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் நேரவில்லை.

அந்த மாதம் ஜெயபாண்டி வந்தான். ஆட்டுக்குட்டிக்காரர் சொன்ன மொபெட் உயரத்திலேயே அப்போது அவள் இருந்தாள், ஜெயபாண்டியின் நெஞ்சுப் பையிலிருந்த பேனாவுக்கு நேராக அவள் கண் இருந்தது. அவன் பையை வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து, இட்லி சாப்பிட்டான். அவளே கேட்டாள்.

"என்னங்க, நான் இப்படித்தான் இருந்தனா?"

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஆமா. இப்படித்தானே இருந்த."

மத்தியானம் அவன் மறுபடி புல்லட்டைப் பற்றிப் பேசினான், தன் கம்பெனி முதலாளியின் தம்பி வைத்திருப்பதைப் பற்றி, அதன் சத்தம் நெஞ்சுக்குள் கேட்பதைப் பற்றி. அவன் பேசும்போது முகம் பிரகாசமாக இருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு இளகி, சரிங்க பாக்கலாம் என்றாள். சாயந்தரம் அவன் தூங்கி எழுந்தபோது பரணிலிருந்து அண்டாவை அவள் ஸ்டூல் இல்லாமல் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப?" என்று கேட்டாள்.

ஜெயபாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். "இப்பவும் சரியாத்தான் இருக்கு," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை என்னவோ செய்தது.

அவன் போனபிறகு கல்யாண போட்டோவை இறக்கித் துடைத்துப் பார்த்தாள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போடியில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். நீ உங்கப்பா தோளுக்கு இருப்ப என்றாள் அம்மா, அப்பா இறந்து வெகுகாலமாகியிருந்தது, அவர் தோள் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அம்மாவுக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. தங்கச்சி, நீ என்னைவிட உசரம்தான் என்றாள். கூடப் படித்தவள், கடைசி வரிசையில் உக்காருவியே என்றாள். அது படிப்புக்காகவா உயரத்துக்காகவா என்று இவளுக்கே நினைவில்லை. செல்லக்கிளியிடம் பழைய அளவு இருக்குமே என்று போய்க் கேட்டாள்.

"ரவிக்கை அளவுதான்கா எங்கிட்ட இருக்கு," என்றாள் செல்லக்கிளி. "சேலை கட்டுறவங்களோட உசரத்த நான் எதுக்கு எடுக்கப் போறேன்."

வேலுத்தாய்க்கு அழுகை வரவில்லை. குழப்பமாகத்தான் இருந்தது. வண்டிக்காக உடம்பு மாறுவது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, மழைக்கு ரோடு கரைகிற மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் திரும்பிப் போவதற்கு ஓர் உயரம் எங்கேயோ இருக்கிறது என்று அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்த உயரத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம் மொட்டப்பாறையிலிருந்து ஒச்சம்மா நடந்தே இறங்கி வந்தாள். வேலுத்தாயைவிட ஒன்றிரண்டு வயது குறைந்தவள். புருஷன் கேரளாவுக்கு ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்விட, ஒரே ஒரு கலப்பினப் பசுவை வைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பசு தலைச்சன் ஈற்றுக்கு நின்றது. வேலுத்தாய் போட்ட ஊசியில் சினைபிடித்தது.

"மடி இறங்கிருச்சு டாக்டரம்மா. இந்த வாரமோ அடுத்த வாரமோ. எனக்குத் திக்குதிக்குனு இருக்கு."

"கன்னு பெருசாத்தான் இருக்கும். நான் வந்துருவேன்," என்றாள் வேலுத்தாய். பிறகு பழக்கத்தில், "எதுல வரட்டும், சொல்லு," என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலுக்காகத் தன் சுடிதார் நாடாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

ஒச்சம்மா விழித்தாள். "எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? நீங்க எதுல வந்தாலும் சரி."

அதற்கு என்ன செய்வதென்று வேலுத்தாயின் உடம்புக்குத் தெரியவில்லை. நாடாவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ஒச்சம்மா கால்சியம் டானிக்கை முந்தானையில் முடிந்துகொண்டு ஏற்றத்தில் நடந்து போய்விட்டாள்.

சில நாள் கழித்து, காலைப் பால் ஊற்றுகிற நேரத்தில், சொசைட்டி வாசலில் ஒரு கன்றுக்குத் தொப்புளில் மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு," என்றது ஒச்சம்மாவின் குரல். "ஒரு காலுதான் தெரியுது. மாடு படுத்துருச்சு."

"இன்னொரு கால் உள்ள மடங்கியிருக்கும். யாரும் இழுக்காதீங்க. நான் வரேன்."

எதில் என்று யோசிப்பதற்கு முன்னால் வரேன் என்று சொல்லியிருந்தாள். பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், சொசைட்டி முன்னால் பலவகை வண்டிகள் வரிசையாக நின்றன, எல்லோருடைய கையிலும் சாவி இருந்தது. ஆனால் வண்டியில் அவளை ஏற்றிப்போக முன்வந்தவர்களிடம் சோலைராஜ், ரெண்டு ஆள் ஏறினா ரோடு கரைஞ்ச எடத்துல வண்டி ஏறாது, ஒத்த ஆளுன்னா ஏறும் என்றான், அவன் சொன்னால் அந்த ரோட்டைப் பற்றி வேறு பேச்சு கிடையாது. அப்போதே தொடங்கிவிட்டது. உசரமான வண்டிதான் பள்ளத்துல தட்டாது, என் மருமகனோடத எடுங்க என்றார் தலைவர். அய்யோ வேண்டாம், லேசான வண்டிதான் வழுக்கினா புடிச்சு நிறுத்தலாம் என்றார் ரேஷன் கடைக்காரர். உரக்கடைக்காரர் அகலமான டயரைத் தட்டிக் காட்டினார். யாரோ ஜெயபாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள், அவன் திருப்பூர் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே கனம், கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லாமே நியாயமாக இருந்தது. வேலுத்தாய் ஒவ்வொருவரையும் பார்த்துச் சரி என்றாள், சரி என்றாள், சரிங்க என்றாள், அவளுடைய ஒரு கால் தலைவர் பேச்சைக் கேட்டு நீண்டது, மற்றது ரேஷன் கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் சுருங்கியது, தோள் விரிந்தது, இடுப்பு இறுகியது, முதுகு குனிந்து நிமிர்ந்து மறுபடி குனிந்தது, கொல்லன் துருத்தி மாதிரி அவள் அந்த வாசலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, செல்லக்கிளி ஓடிவந்து நாடாவைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக இருந்து கடைசியில் கை ஓய்ந்து அதை விட்டுவிட்டாள். வேலுத்தாய் ஒரு கால் நெட்டையும் ஒரு கால் குட்டையுமாகச் சாய்ந்து, சொசைட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மொட்டப்பாறையில் கிடந்த பசு இப்போது முக்கிக்கொண்டிருக்கும், முக்க முக்க அந்த மடங்கிய கால் இன்னும் உள்ளே போய் முட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். அந்த ஒரு நினைப்புத்தான் அவளுக்குக் குழப்பமில்லாமல் இருந்தது.

"போதும்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "யாரும் ஒன்னும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம்."

எல்லோரும் வாயை மூடினார்கள். ஜெயபாண்டியின் குரல் மட்டும் போனில் இருந்தது, செல்லக்கிளி அதை அணைத்தாள். வேலுத்தாய் சாய்ந்தபடியே நடந்து, தனக்கு மிகப் பக்கத்தில் நின்ற வண்டியின்மேல் கையை வைத்தாள். அது சோலைராஜுடையது.

"அது ஆகாதும்மா," என்றான் சோலைராஜ்.

"ஆகாட்டிப் பரவாயில்லண்ணே. கேன அவுத்துவிட்டுச் சாவியக் குடுங்க."

அவன் அவிழ்த்துக் கொடுத்தான். அவள் மருந்துப் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், சீட்டு ஒருபக்கம் அமுங்கிக் கிடந்ததால் இரண்டு கால்களின் வித்தியாசம் ஏறக்குறைய சமமாகிவிட்டது, பாதம் தரையில் பதியவில்லை, பெருவிரல்கள் மட்டும் பட்டன. கிக்கரை மிதித்தாள், வண்டி கத்திவிட்டு அணைந்தது. மறுபடி மிதித்தாள். கிளட்ச்சை விட்டதும் அது ஒரு காளங்கன்று மாதிரி துள்ளி முன்னால் பாய்ந்து, வாழைக்காய் மண்டித் திருப்பத்தில் ஒரு சைக்கிளை மயிரிழையில் மோதாமல் கடந்து, மலைரோட்டில் ஏறியது.

முதல் கியரிலேயே போனாள். எஞ்சின் அலறியது. தடுப்பணை தாண்டி ரோடு கரைந்த இடத்தில் மணல் சேர்ந்து கிடந்தது, முன்சக்கரம் அதற்குள் புகுந்து ஒருபக்கமாகத் திரும்ப, வண்டி அவளைக் கீழே போட்டுத் தானும் மேலே படுத்தது. முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. காலை உருவிக்கொண்டு எழுந்து ஹேண்டில் பாரைப் பிடித்துத் தூக்கினாள், அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். பிறகு வண்டியை ஒரு மாடாகப் பார்த்தாள். படுத்துவிட்ட மாட்டை யாரும் கொம்பைப் பிடித்துத் தூக்குவதில்லை. திரும்பி நின்று, சீட்டின்மேல் பின்புறத்தை அண்டக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் கேன் கட்டும் கம்பியையும் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, முதுகு வளையாமல், காலால் மட்டும் பின்னுக்கு நெட்டி நடந்தாள். பனிக்காலத்தில் பால்காய்ச்சல் கண்டு விழுந்த எத்தனையோ மாடுகளை அவள் அப்படி நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாள். வண்டி எழுந்து நின்றது. அப்படி நெட்டும்போது இரண்டு கால்களும் ஒரே அளவாக மண்ணில் அழுந்தியதை அவள் கவனிக்கவில்லை, கவனிக்க நேரமில்லை.

ஒச்சம்மாவின் வீட்டுக்குப் பின்னால் பசு பக்கவாட்டில் கிடந்தது. கண் சொருகியிருந்தது. வேலுத்தாய் கையைக் கழுவி, எண்ணெய் தடவி, மண்ணில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். தலை இருந்தது. ஒரு கால் இருந்தது. இன்னொன்றின் முட்டி கையில் தட்டியது, குளம்பு அதற்கும் அப்பால், ஒரு விரல் தூரம் எட்டாத இடத்தில் இருந்தது. கை கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை என்று அவளே நினைத்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, ஒச்சம்மா எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"எந்த வண்டிய எடுத்துட்டுப் போன?" என்றான் ஜெயபாண்டி. "அந்தப் பால் வண்டியையா? கிறுக்கா உனக்கு? நான் என்ன சொன்னேன்னா..."

"அப்புறம் பேசறேங்க. கை உள்ள இருக்கு," என்றாள்.

ஒச்சம்மா போனை எடுத்துவிட்டாள். வேலுத்தாயின் கை நீளவுமில்லை, சுருங்கவுமில்லை. தோள்பட்டை வரைக்கும் உள்ளே போகும்படி இன்னும் நெருங்கிப் படுத்து, கன்றின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாள், மாடு முக்கும்போது நிறுத்தினாள், விட்டதும் தள்ளினாள், தள்ளத் தள்ள உள்ளே இடம் உண்டாகி அந்தக் குளம்பு தானாகவே அவள் விரல்களுக்கு வந்தது. குளம்பின் நுனி கருப்பையைக் கிழித்துவிடாமல் அதை உள்ளங்கைக்குள் பொத்தி நேராக்கினாள். பிறகு இரண்டு கால்களிலும் கயிறு போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க, கன்று வழுக்கிக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தது. மூச்சில்லை. வேலுத்தாய் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஒச்சம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கடைசியில் அது தும்மியது. கிடேரிக் கன்று. சாயந்தரத்துக்குள் எழுந்து நின்றது, தாயும் நின்றது.

வேலுத்தாய் ஊருக்குத் திரும்பியபோது சொசைட்டி வாசலில் எல்லோரும் இருந்தார்கள். அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். செல்லக்கிளி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, குதிகாலிலிருந்து உச்சிவரை பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இது இதுவரைக்கும் வராத அளவு, அக்கா."

"அப்ப இதுதான் என்னோடதா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் செல்லக்கிளி. "நாடாவ எடுத்துட்டு மடிச்சுத் தச்சுரட்டுமா?"

வேலுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "தச்சுரு," என்றாள்.

ஊருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். தலைவர் ஏணி வாங்கவேண்டியிருந்தது. யோசனை சொல்வதை ஒருவரும் நிறுத்திவிடவில்லை, அவளும் கேட்பதை நிறுத்தவில்லை. அப்படியா என்பாள், பாக்கலாம் என்பாள், மறுநாள் அவர்கள் அவளுடைய கணுக்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். சில நாள் ஒரு விரற்கடை கூடியிருப்பது போலவும் சில நாள் குறைந்திருப்பது போலவும் அவளுக்கே தோன்றும். அவள் அளந்து பார்க்கவில்லை.

முழங்கைக் காயம் ஆறியதும் டவுனுக்குப் போனாள். ரபீக் வண்டிகளைத் துடைத்து நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான், அவள் கடைசிவரை கேட்டாள்.

"இத கீழ படுக்கப் போடுங்க," என்றாள்.

"என்ன மேடம்?"

"தரையில சாய்ச்சுப் போடுங்க. தூக்க முடியுதான்னு பாக்கணும்."

"புது வண்டி மேடம். கோடு விழுந்துரும்."

"கோணிச்சாக்கு இருந்தா விரிங்க."

ரபீக் முதலாளியின் அறைப்பக்கம் பார்த்தான். பிறகு பழைய ப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, அதன்மேல் ஒரு குழந்தையைப் படுக்கவைப்பது போல அந்தப் பெரிய வண்டியை இரண்டு பேரோடு சேர்ந்து படுக்கவைத்தான். அவள் திரும்பி நின்று நெட்டினாள். அது எழவில்லை. அடுத்ததைப் படுக்கவைத்தார்கள், பாதி எழுந்து மறுபடி படுத்தது. அதற்கடுத்தது சாதாரண வண்டி, நூற்றைம்பது சிசி, நிறம்கூடச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, உட்கார்ந்தால் முன்பாதம் மட்டும்தான் தரையில் பட்டது. அதை அவள் முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி நிறுத்தினாள். பக்கத்தில் மகளுக்கு ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள், தம்பி, இதையும் அந்த பேனர்மேல கொஞ்சம் போடுங்க என்றார். அந்தக் கடையில் இன்றைக்கும் அந்த ப்ளெக்ஸ் விரித்தே கிடக்கிறது.

ஜெயபாண்டி மாதக் கடைசியில் வந்தான். ஊர் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் வண்டியோடு நின்றாள். அவன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான், டயரை அமுக்கினான், அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் நெற்றி அவன் வாய்க்கு நேராக இருந்தது. அவன் முகத்தில் எதையோ தேடுகிற பாவனை வந்தது.

"நீ எப்பவும் இவ்வளவுதானா?" என்றான்.

"தெரியலங்க," என்றாள் வேலுத்தாய். "இனிமே இவ்வளவு. ஏறுங்க, ஒச்சம்மா வீட்டுக் கன்னுக்குப் பூச்சி மருந்து குடுத்துட்டுப் போயிரலாம்."

அவளுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரோடு கரைந்த இடத்தில் இப்போது கல் அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் முதலில் சீட்டின் பின்கம்பியைப் பிடித்தான், அப்புறம் தன் முழங்காலைப் பிடித்தான், மேடு செங்குத்தாக ஏறத் தொடங்கியதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் திணறியது.

"கியரக் குறை," என்றான் ஜெயபாண்டி.

"சரி," என்றாள் அவள்.

அவன் சொன்னதற்காகக் குறைக்கப்போகிறாளா வண்டி கேட்டதற்காகக் குறைக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கால் கியரைத் தேடிப் போனது. அது நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது.